பழகிய மெஸ்களுக்குக் குழுவாகத் திரும்பிப் போவது எப்படி: திருவல்லிக்கேணி, மயிலாப்பூருக்கு ஒரு வழிகாட்டி

பத்துப் பேர் சேர்ந்து ஒரு பெரிய ஓட்டலில் சாப்பிடுவதற்கு வழிகாட்டி எதுவும் தேவையில்லை. தொலைபேசியில் இடம் சொல்லிவைத்தால் போதும். அதே பத்துப் பேர், மேன்ஷன் அறையில் தங்கியிருந்த காலத்தில் நாள்தோறும் சாப்பிட்டுப் பழகிய மெஸ்களுக்கும் டிபன் கடைகளுக்கும் மாதம் ஒன்றாகத் திரும்பிப் போகலாம் என்று முடிவெடுத்தால், சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் கடைகளில் முன்பதிவு இல்லை, பெரிய மேசை இல்லை, காத்திருக்க நாற்காலியும் இல்லை. போதாக்குறைக்கு, நம் நினைவில் இருக்கும் நேரமும் விலையும் இன்று செல்லுபடியாவதில்லை. எங்கள் குழு இதை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவருவதற்குள் நிறையவே அலைந்துவிட்டது. புதிதாகத் தொடங்குபவர்கள் அந்த அலைச்சலைத் தவிர்க்கலாம் என்பதற்காகப் படிப்படியாக எழுதுகிறேன். சிறிய கடைகள் தனியாகவும் இருவராகவும் வருபவர்களுக்காக அமைந்தவை என்பதையும், அவற்றின் அளவுக்கும் நேரத்துக்கும் ஏற்பக் குழுதான் தன்னைக் குறுக்கிக்கொள்ள வேண்டும் என்பதையும் ஏற்றுக்கொண்டால், மற்றவை எல்லாம் ஏற்பாட்டு வேலைதான்.

1. எட்டுப் பேரோடு நிறுத்துங்கள்

இந்தக் கடைகளில் பெரும்பாலும் நான்கு பேர் அமரும் மேசைகள்தாம் இருக்கும். ஆகவே எட்டு என்பது இரண்டு மேசை; அந்த அளவைக் கடையும் தாங்கும். பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்தால், சிறிய கடையில் பாதி இடத்தை நாமே அடைத்துக்கொள்வோம். அன்றாடம் வந்து சாப்பிடும் வாடிக்கையாளர் வாசலில் நிற்பார், கல்லாவில் இருப்பவரின் முகம் மாறும். எட்டுக்கு மேல் ஆட்கள் சேர விரும்பினால், இரண்டு குழுக்களாகப் பிரிந்து வெவ்வேறு வாரங்களில் போவதே நல்லது. குடும்பத்தையும் அழைத்து வரலாமா என்ற கேள்வி நிச்சயம் எழும். அதற்கு ஆண்டில் ஒரு முறை தனியாக ஏற்பாடு செய்யலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் மனத்தாங்கல் வரும்.

2. உறுப்பினர் தாள் ஒன்றைத் தயாரியுங்கள்

இது ஒரே ஒரு பக்கம் போதும். பெயர், கைபேசி எண், சைவமா அசைவமா, எந்தெந்த நாட்களில் அசைவம் தவிர்ப்பவர், ஒவ்வாமை உண்டா, படி ஏறவோ பெஞ்சில் உட்காரவோ சிரமம் உண்டா என்ற விவரங்களை எழுதி வாங்குங்கள். "எனக்கு எல்லாம் ஒத்துக்கொள்ளும்" என்று வாயால் சொன்னவர், இறால் வறுவல் மேசைக்கு வந்த பிறகு தமக்கு அது ஆகாது என்று சொல்வது வழக்கமாக நடப்பதுதான். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள் எந்த நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் டோக்கன் வாங்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் நிற்க வேண்டிய கடையும் நம் பட்டியலில் இருக்கும். உடல்நலம் குறித்த இந்தத் தகவல்கள் ஏற்பாட்டாளரிடம் மட்டும் இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம்.

3. ஒவ்வொரு கடைக்கும் ஒரு கடைத் தாள் எழுதுங்கள்

இந்த ஏற்பாட்டில் மிகுந்த உழைப்பு வேண்டுவது இந்தப் படிதான். பட்டியல் போடும்போது எல்லோரும் நினைவிலிருந்து பெயர்களை அடுக்குவார்கள். பட்டியல் நல்லதுதான், ஆனால் நினைவை நம்பி நாள் குறிக்கக் கூடாது. கடை இடம் மாறியிருக்கலாம், சமையல் மாஸ்டர் மாறியிருக்கலாம், மூன்று வேளை நடந்த கடை ஒரு வேளையாகச் சுருங்கியிருக்கலாம், அதே பெயரில் அடுத்த தெருவில் தொடர்பே இல்லாத வேறொரு கடை முளைத்திருக்கலாம். ஆகவே குழு போவதற்கு ஒரு வாரம் முன்னதாக, அதே கிழமையில் அதே நேரத்தில், ஒருவர் மட்டும் முன்னோட்டமாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். அந்தச் செலவைக் குழுவின் பொதுப் பணத்திலிருந்து கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் யாரும் போக மாட்டார்கள்.

அப்படிப் போகிறவர் குறித்துவர வேண்டியவை: கடையின் சரியான முகவரி, எத்தனை மேசை, எத்தனை பேர் அமரலாம், வார விடுமுறை எந்த நாள், எந்தப் பண்டம் எத்தனை மணிக்குத் தீர்கிறது, பணமா யூபிஐயா, கை கழுவும் இடமும் கழிப்பறையும் எப்படி இருக்கின்றன, விலைப்பலகையின் படம். இவற்றில் பலரும் விட்டுவிடுவது, பண்டம் தீரும் நேரம். வரைபடச் செயலியில் காலை பத்தரை வரை திறந்திருக்கும் என்று போட்டிருந்தாலும், நாம் எதற்காகப் போகிறோமோ அந்தப் பொங்கல் ஒன்பது மணிக்கே தீர்ந்துவிடலாம். அந்த நேரத்தைக் கடைக்காரரைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது.

கடைகளின் அமைப்பு எவ்வளவு வேறுபடும் என்பதற்கு இந்த இரண்டு பேட்டைகளே போதும். திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் 1948 முதல் நடந்துவரும் ரத்னா கபே ஓரளவு பெரிய இடம். சாம்பாரில் மூழ்கிய இட்லிக்கு மேலும் மேலும் சாம்பார் ஊற்றுவார்கள், எட்டுப் பேர் கொண்ட குழுவை அது எளிதாக ஏற்கும். முதல் முறை போகும் குழுவுக்கு இதையே பரிந்துரைப்பேன். அக்பர் சாகிப் தெருவிலுள்ள காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக்கொண்டு பந்திக்குக் காத்திருக்க வேண்டும். சேப்பாக்கத்தில் கிரிக்கெட் மைதானத்துக்கு அருகிலுள்ள நாயர் மெஸ் 1961இல் தொடங்கியது. கேரளப் பாணிச் சாப்பாட்டுக்கும் மீனுக்கும் பெயர்பெற்றது, மதிய நேரத்தில் நெரிசல் மிகுந்தது. மயிலாப்பூர் அருண்டேல் தெருவிலுள்ள ராயர் மெஸ் மிகச் சிறிய இடம். அதன் கெட்டிச் சட்னிக்காக எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் போய் நிற்பது கடைக்கும் தொல்லை, நமக்கும் தொல்லை, ஆகவே நான்கு நான்கு பேராக இரண்டு நாட்களில் போவதே முறை. கிழக்கு மாட வீதியின் கற்பகாம்பாள் மெஸ்ஸில் அடை அவியல் வேண்டுமானால், அது எந்த வேளையில் போடப்படுகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பொன்னம்பல வாத்தியார் தெருவின் ஜன்னல் கடையில் உட்காரவே இடமில்லை. ஜன்னல் வழியாக வாங்கித் தெருவில் நின்றபடி சாப்பிட வேண்டும். மூட்டுவலி உள்ள உறுப்பினரிடம் இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், அவர் அடுத்த முறை வர மாட்டார்.

முன்னோட்டம் போகிறவர் பில்லையும் பத்திரமாகக் கொண்டுவர வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிமம் அல்லது பதிவு எண்ணை 2022 ஜனவரி 1 முதல் பில்லில் அச்சிட வேண்டும் என்பது விதி. எண் இல்லாத துண்டுச் சீட்டில் கணக்கு எழுதிக் கொடுக்கும் கடையைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் பின்னர் ஏதேனும் முறையிட நேர்ந்தால், கையில் ஆதாரம் இருக்காது என்பதைத் தெரிந்துகொண்டே போக வேண்டும்.

4. நாளையும் நேரத்தையும் நாட்காட்டி பார்த்துக் குறியுங்கள்

ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் வசதி என்று எண்ணிக் குறித்துவிடாதீர்கள். ஞாயிறு விடுமுறை விடும் மெஸ்களும் உண்டு; திறந்திருக்கும் கடைகளில் அன்றுதான் கூட்டம் மிகுதி. எங்கள் அனுபவத்தில், முடிந்தவர்களுக்குச் செவ்வாய் முதல் வியாழன் வரையிலான வேலை நாள் காலைதான் சிறந்தது. வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த குழுவாக இருந்தால் சனிக்கிழமை காலை ஏழு மணியைப் பிடியுங்கள்.

அசைவக் கடையாக இருந்தால் பஞ்சாங்கத்தைப் புரட்டாமல் நாள் குறிப்பது வீண். அமாவாசை, கிருத்திகை, சஷ்டி, செவ்வாய், வெள்ளி என்று குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாள் ஆகாது; புரட்டாசி மாதம் முழுவதும் பாதிப் பேர் அசைவம் தொட மாட்டார்கள்; கார்த்திகையில் மாலை போட்டவர்கள் இருப்பார்கள். உறுப்பினர் தாளில் அந்தப் பத்தியை நிரப்பச் சொன்னது இதற்காகத்தான். புரட்டாசியைச் சைவ மெஸ்களுக்கென்றே ஒதுக்கிவிடுவது எளிய தீர்வு. மீனுக்காகப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் மீன் வகை குறையும், விலை ஏறும்; வஞ்சிரத்துக்காகத் திட்டமிட்ட பயணத்தை ஜூலைக்குத் தள்ளிவைப்பதே நல்லது.

இனி ஊர் நிலவரம். வெள்ளிக்கிழமை நண்பகலில் வாலாஜா பெரிய மசூதியில் தொழுகை இருப்பதால் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் நெருக்கடி மிகும். சேப்பாக்கத்தில் ஆட்டம் நடக்கும் நாட்களில் மைதானத்தைச் சுற்றிய தெருக்களில் வண்டியும் நுழையாது, மெஸ்ஸில் இடமும் கிடைக்காது; ஐ.பி.எல். அட்டவணையைப் பார்த்துவிட்டே நாள் குறியுங்கள். மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழாவின் தேர் நாளும் அறுபத்து மூவர் நாளும் மாட வீதிகளில் கால் வைக்க இடம் இருக்காது. மார்கழியில் கச்சேரிக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். வைகுண்ட ஏகாதசியன்று பார்த்தசாரதி கோயிலின் சுற்றுப்புறத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, காலை டிபனுக்கு ஏழு முதல் ஏழரை, மதியச் சாப்பாட்டுக்குக் கடை திறந்தவுடன் முதல் பந்தி என்று வைத்துக்கொள்ளலாம். கூட்டம் வடிந்த பிறகு இரண்டரைக்குப் போகலாமே என்று யாராவது சொல்வார்கள். அப்போது இடம் கிடைக்கும், ஆனால் கூட்டும் பொரியலும் தீர்ந்து, ரசமும் மோரும்தான் மிஞ்சியிருக்கும்.

5. வண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்

பறக்கும் ரயிலில் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, திருமயிலை ஆகிய மூன்று நிலையங்களும் ஒரே தடத்தில் இருப்பதால், இரண்டு பேட்டைகளுக்கும் அதுவே போதும். மெட்ரோவில் வருபவர்கள் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கித் திருவல்லிக்கேணிக்கு நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பறக்கும் ரயில் சேவை குறைவு என்பதை நினைவில் வையுங்கள். மயிலாப்பூரில் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளுக்காக லஸ் பகுதியில் வழிகள் மாற்றப்பட்டிருப்பதால், காரில் வருபவர் எப்போதும் கடைசியாகத்தான் வந்து சேர்வார்.

6. இடம் பிடிக்கும் முறையை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்

முந்தைய நாள் கடைக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். மேசை ஒதுக்கித் தருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம், "எட்டுப் பேர் வருகிறோம், எத்தனை மணிக்கு வந்தால் உங்களுக்குத் தொந்தரவு இருக்காது?" என்று கேட்டால் போதும். இப்படிக் கேட்கும் குழுவுக்குப் பெரும்பாலான கடைக்காரர்கள் நல்ல நேரம் ஒன்றைத் தாங்களே சொல்வார்கள்.

எட்டுப் பேரும் சேர்ந்தே அமர வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிடுங்கள். இடம் காலியாகக் காலியாக இரண்டு பேராகவோ நான்கு பேராகவோ அமர்ந்துகொள்ளுங்கள், பேச்செல்லாம் பிறகு. வராத ஆளுக்காக நாற்காலியில் கைக்குட்டை போட்டு வைப்பது சண்டையில்தான் முடியும். தாமதமாக வருபவருக்குப் பத்து நிமிடம் தருவது, அதற்குப் பிறகு அவர் தனியாக உள்ளே வந்து கிடைத்த இடத்தில் அமர வேண்டியது என்ற விதியை எழுத்திலேயே வைத்திருங்கள். டோக்கன் கடையில் ஒருவரே எட்டு டோக்கன் வாங்க முடியுமா, ஆள் நேரில் நிற்க வேண்டுமா என்பதை முன்னோட்டத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

சாப்பிட்டு முடித்த பிறகும் மேசையில் அமர்ந்து அரட்டை அடிப்பது, இத்தகைய குழுக்கள் செய்யும் பெரிய தவறு. நம் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் நின்றுகொண்டிருப்பார். கை கழுவியதும் வெளியே வந்து, மெரினாவிலோ தெப்பக்குளத்தங்கரையிலோ போய் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுங்கள்.

7. ஆர்டரை ஒருவரே சொல்லட்டும்

டிபன் கடையில் எட்டுப் பேரும் தனித்தனியாகக் கத்தினால் சப்ளையருக்குக் குழப்பம், பில்லில் பிழை. மேசைக்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டு, முதல் சுற்றில் எல்லோருக்கும் பொதுவான ஒன்றைக் கேளுங்கள். இரண்டாம் சுற்றில் அவரவர் விருப்பம். பழைய நினைவில் அந்தக் காலத்து அளவுக்கு ஆர்டர் செய்துவிட்டு இலையில் மிச்சம் வைப்பவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. ஆகவே பாதிப் பசிக்கு மட்டும் முதலில் கேட்பது நல்லது.

அசைவ மெஸ்களில் ஒரு கண்ணி உண்டு. சாப்பாடு பரிமாறியவுடன் மீன் வறுவல், சுக்கா, ஆம்லெட் என்று தட்டில் வரிசையாக அடுக்கிக் கொண்டுவந்து காட்டுவார்கள். அவை எல்லாமே தனி விலை. மீனுக்குப் பெரும்பாலும் அன்றைய விலை. விலை கேட்காமல் ஆளுக்கு ஒன்று எடுத்து வைத்தால், சாப்பாட்டை விடத் தொடுகறிக்கு அதிகம் ஆகிவிடும். கேட்பதில் கூச்சம் வேண்டாம், எடுத்து வருபவரே சொல்லிவிடுவார். இன்னொரு கண்ணி, குளிரூட்டப்பட்ட அறை. அங்கே வரி விகிதம் மாறாது; ஆனால் விலைப்பட்டியல் வேறாக இருக்கலாம்.

பார்சல் வாங்குவதாக இருந்தால் பாத்திரம் கொண்டுபோங்கள். தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருப்பது ஒரு காரணம். சூடான சாம்பாரைத் தூக்கில் வாங்கினால் வீடு வரை சிந்தாமல் வரும் என்பது இன்னொரு காரணம்.

8. பில்லை அங்கேயே சரிபாருங்கள்

சிறிய கடைகளில் மூன்று வகை பில் வரும். முதல் வகையில் ஐந்து விழுக்காடு ஜி.எஸ்.டி. தனியாகக் காட்டப்பட்டிருக்கும்: மத்திய வரி இரண்டரை, மாநில வரி இரண்டரை. 2,000 ரூபாய்க்குச் சாப்பிட்டிருந்தால் 100 ரூபாய் வரி. இரண்டாம் வகை, தொகுப்பு வரித் திட்டத்தில் இருக்கும் கடை. ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி ரூபாய்க்குள் இருப்பவர்கள் இதில் சேரலாம். இவர்கள் தங்கள் கையிலிருந்து வரி கட்ட வேண்டுமே தவிர, வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது. வரி வசூலிக்கத் தகுதியில்லை என்ற வாசகத்தையும் பில்லில் அச்சிட வேண்டும். அந்த வாசகமும் இருந்து வரியும் சேர்த்திருந்தால், கல்லாவில் தணிந்த குரலில் கேளுங்கள். மூன்றாம் வகை, ஜி.எஸ்.டி. பதிவே தேவைப்படாத அளவுக்குச் சிறிய கடை. அங்கே பண்டத்தின் விலைதான் மொத்தத் தொகை.

சேவைக் கட்டணம் என்ற பெயரில் தனித் தொகை மெஸ்களின் பில்லில் அநேகமாக வராது. ஆனால் பழைய கடை புதுப்பொலிவு பெற்றுப் பெரிதாகியிருந்தால் வரக்கூடும். அதைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. நீக்கச் சொன்னால் நீக்க வேண்டும். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. பரிமாறியவருக்கு டிப்ஸ் கொடுப்பது வேறு விஷயம். எட்டுப் பேர் கொண்ட குழு ஓடி ஓடிப் பரிமாற வைத்திருக்கிறது. அதற்குத் தக்கபடி அவர் கையில் நேரடியாகக் கொடுப்பதே முறை.

தனித்தனி பில் கேட்காதீர்கள். மேசைக்கு ஒரு பில், இயன்றால் குழுவுக்கே ஒரு பில். யூபிஐ வேலை செய்யாத நாளுக்காகச் சில்லறை நோட்டுகளும் கையில் இருக்கட்டும்.

9. பங்கைப் பிரிப்பது

ஒருவர் பணம் கட்டிவிட்டு, பில்லின் படத்தைக் குழுவில் போட்டு, தலைக்கு எவ்வளவு என்று சொல்ல வேண்டும். ஒருவரிடமிருந்து யூபிஐ வழியாகப் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதி தனிநபர்களுக்கிடையே 2025 அக்டோபர் முதல் நிறுத்தப்பட்டுவிட்டதால், கட்டியவர் தம் கியூஆர் குறியீட்டைப் பில்லோடு சேர்த்துப் போட்டுவிடுவது நல்லது. சாப்பிட்ட அன்றே கணக்கு தீர வேண்டும். மறுநாளுக்குப் போனால், நூற்றைம்பது ரூபாயை நினைவூட்ட யாருக்கும் வாய் வராது.

சமமாகப் பிரிப்பதா, சாப்பிட்டதற்கு ஏற்பப் பிரிப்பதா? சைவக் கடையில் சமமாகப் பிரித்துவிடலாம், வேறுபாடு சில ரூபாய்தான். அசைவ மெஸ்ஸில் சாப்பாட்டை மட்டும் சமமாகப் பிரித்து, தொடுகறியை எடுத்தவர் கணக்கில் எழுதுங்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவரிடம் எதுவும் வசூலிக்க வேண்டாம். முன்பணம் கட்டாத கடைதானே. முன்னோட்டச் செலவுக்காகத் தலைக்கு மாதம் இருபது ரூபாய் பொதுவில் சேர்த்தால், எட்டுப் பேருக்கு 160 ரூபாய். ஒருவர் டிபன் சாப்பிட்டு வருவதற்கு அது போதும்.

10. வீடு திரும்பியதும் கடைத் தாளைத் திருத்துங்கள்

அன்று இரவே, அன்றைய விலை, காத்திருந்த நேரம், தீர்ந்துபோன பண்டம், அமர்ந்த மேசைகள் ஆகியவற்றைத் தாளில் சேர்த்துவிடுங்கள். சுவை பற்றிய தீர்ப்பை மட்டும் உடனே எழுத வேண்டாம். பழைய ருசி இல்லை என்று ஒருவர் சொன்னால் மற்றவர்களும் தலையாட்டுவார்கள். ஆனால் அன்று மாஸ்டர் விடுப்பில் இருந்திருக்கலாம், நாம் கடைசிப் பந்தியில் உட்கார்ந்திருக்கலாம். ஆறு மாதம் கழித்து வேறொரு வேளையில் இருவர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு, அதன் பிறகு அந்தக் கடையைப் பட்டியலில் வைப்பதா எடுப்பதா என்று முடிவு செய்யுங்கள். அடுத்த மாதத்துக்கான கடையையும் முன்னோட்டம் போகிறவர் பெயரையும் அந்த வாரத்துக்குள்ளேயே குறித்துவிட வேண்டும். தாளின் பிரதி இருவரிடம் இருக்கட்டும், ஏற்பாட்டாளர் ஊரில் இல்லாத மாதத்தில் மற்றவர் நடத்திக்கொள்ளலாம்.